சட்டம் அளந்ததும் மீன் அறிந்ததும்

ஈப்போவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



1978 ஜூலை 1-ஆம் தேதி மலேசியச் செம்பனை எண்ணெய் ஆலைகளின் தலையில் ஓர் எண் வந்து உட்கார்ந்தது. ஆற்றில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மறு ஆண்டு அந்த எண் 2,000 ஆனது. பிறகு 1,000, 500, 250 என்று இறங்கி, 1984-இல் 100-இல் வந்து நின்றது. பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பேராக் தோட்டங்களின் ஆலைகளுக்கும் அதுதான் சட்டம்.

பி.ஓ.டி. என்பது நஞ்சின் அளவு அல்ல. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்த வேலைக்காக நீரிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன என்பதன் அளவு. நகரத்துச் சாக்கடை நீரில் அது சில நூறு மில்லிகிராம் இருக்கும். செம்பனை ஆலையிலிருந்து சுத்திகரிக்காமல் வெளிவரும் பழுப்புக் குழம்பில் சுமார் 25,000. ஒரு டன் எண்ணெய் பிழிந்தால் இரண்டரை டன் அளவுக்கு அந்தக் குழம்பு மிஞ்சும். எழுபதுகளில் இது நேராக ஓடைக்குப் போனது. ஓடையில் ஆக்சிஜன் தீர்ந்தது, மீன் செத்து மிதந்தது, கரையோரக் கம்பத்துக்காரர்கள் குளிக்கவும் துவைக்கவும் வழியின்றி நின்றார்கள்.

அந்த ஓடைகளைப் பற்றிப் பொருளியல் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். நீர்வாழ் உயிரின நச்சியல் அறிஞர்களும் எழுதியிருக்கிறார்கள். முதல் கூட்டம் உரிமம், கட்டணம், அபராதம், செலவு யார் தலையில் விழுந்தது என்று கேட்கிறது. இரண்டாம் கூட்டம் எந்த உப்பு, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி நேரத்தில் பாதி மீன்கள் செத்தன என்று கேட்கிறது. இரண்டு கூட்டமும் வேறு வேறு இதழ்களில் எழுதுகின்றன, வேறு வேறு மாநாடுகளுக்குப் போகின்றன. ஒரே அறிஞரின் ஆய்வுப் பட்டியலில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நின்றால், படிப்பவர் ஏதோ பெயர்க் குழப்பம் என்றுதான் நினைப்பார். ஆனால் பேராக் மாநிலத்தின் ஆறுகளைப் புரிந்துகொள்ள அப்படிப்பட்ட பட்டியல்தான் வேண்டும் என்பதே இந்த உரையின் வாதம். சட்டம் எதை அளக்கச் சொல்கிறதோ அது சுத்தமாகிறது. அளக்கச் சொல்லாதது ஆற்றிலேயே தங்கிவிடுகிறது. எதை அளப்பது என்று யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி பொருளியலுக்குரியது. அளக்காமல் விட்டது என்ன செய்கிறது என்ற கேள்வி நச்சியலுக்குரியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், அதன் கீழ் 1977-இல் வந்த செம்பனை எண்ணெய் விதிகள், 1978-இல் வந்த இயற்கை ரப்பர் விதிகள் ஆகியவை வெற்று அறிக்கைகளாக நின்றுவிடவில்லை. ஆற்றில் சேரும் ஒவ்வொரு டன் பி.ஓ.டி.க்கும் ஆலை 10 வெள்ளி (ரிங்கிட்) கட்ட வேண்டியிருந்தது. கழிவை நிலத்தில் பாய்ச்சினால் டன்னுக்கு 5 காசுதான். முதல் ஆண்டில், வரம்பை மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் 100 வெள்ளி கட்டிவிட்டுத் தப்பிக்கலாம். இரண்டாம் ஆண்டிலிருந்து அந்த வழி அடைபட்டது. மீறினால் உரிமமே போகும். சுத்திகரிப்பு ஆராய்ச்சியில் இறங்கும் ஆலைக்குக் கட்டணச் சலுகையும் இருந்தது. வளரும் நாடு ஒன்று எழுபதுகளிலேயே இப்படியொரு கட்டண முறையைக் கொண்டுவந்ததை உலகின் சுற்றுச்சூழல் பொருளியல் நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன.

அன்றைக்குப் பெர்த்தானியான் பல்கலைக்கழகம் என்று பெயர் கொண்டிருந்த இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தின் காலிட் அப்துல் ரஹிம், அமெரிக்கப் பொருளியலாளர் ஜெஃப்ரி வின்சென்ட் போன்றோர் இந்த விதிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அவர்கள் எழுதியதைப் படித்தால், கட்டணத்தைவிட ஆண்டுக்காண்டு இறங்கிய வரம்பும் உரிமம் போய்விடும் என்ற பயமும்தான் கூடுதலாக வேலை செய்தன என்பது விளங்குகிறது. அடுத்த ஆண்டு எண் என்னவென்று ஆலை நிர்வாகிக்கு முன்கூட்டியே தெரியும். குளம் வெட்ட நேரம் கிடைத்தது. எண்ணெய் உற்பத்தி பெருகிக்கொண்டே போன அதே ஆண்டுகளில் ஆற்றுக்குப் போன பி.ஓ.டி. சுமை சரிந்தது. உற்பத்தியைப் பெருக்கினால் ஆறு கெடத்தான் செய்யும் என்று கைவிரிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

காலிட் அப்துல் ரஹிம் கேட்ட இன்னொரு கேள்வி இன்னும் கூர்மையானது. அந்தச் சுத்திகரிப்புச் செலவைக் கடைசியில் யார் சுமந்தார்கள்? உலகச் சந்தையில் எண்ணெய் விலையை ஆலை முதலாளி நிர்ணயிக்க முடியாது. வெளிநாட்டு வாங்குபவர் மீது செலவை ஏற்ற வழியில்லை. ஆகவே சுமை பின்னோக்கி, குலையை விற்கும் பயிரிடுவோர் பக்கம் நகர்ந்தது. ஆற்றைக் கெடுத்தவரே பணம் கட்டுகிறார் என்ற வாக்கியம் கேட்க நன்றாக இருக்கிறது. அந்தப் பணம் யார் சட்டைப்பையிலிருந்து வந்தது என்று தேடிப் போகும் பழக்கம்தான் நிறுவனப் பொருளியல். 1919-இல் வால்டன் ஹாமில்டன் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1934-இல் ஜான் காமன்ஸ் அதே பெயரில் பெரிய நூலொன்று எழுதினார். சந்தையின் விலைப்பட்டியலுக்கு அடியில் சட்டமும் வழக்கமும் உரிமையும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பதே அவர்கள் போட்ட பாதை.

இனி மீனின் பக்கம் போகலாம்.

அதே விதிகளின் இறுதிக் கட்டம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் ஒரு வரம்பு வைத்தது. லிட்டருக்கு 150 மில்லிகிராம். கார அமில அளவு, அதாவது பி.எச்., 5-க்கும் 9-க்கும் இடையில் இருக்கலாம். இரண்டு எண்களையும் தனித்தனியே பார்த்தால் ஒன்றும் தோன்றாது. நச்சியல் படித்தவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். அம்மோனியா நீரில் இரண்டு உருவில் இருக்கிறது. மின்னூட்டம் பெற்றது ஒன்று. அது மீனின் செவுளை எளிதில் கடக்காது. மின்னூட்டமில்லாதது மற்றொன்று. அது செவுள் வழியே நேராக இரத்தத்துக்குள் போய்விடும். எந்த உருவில் எவ்வளவு என்பதை வெப்பமும் பி.எச்.சும் தீர்மானிக்கின்றன. நம் ஊர் நீரின் 30 பாகை வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 0.8 விழுக்காடுதான் கொல்லும் உருவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் ஏழரை விழுக்காடு. 9 ஆனால் ஏறக்குறைய 45 விழுக்காடு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரம்புக்குள் இருக்கும் அதே 150 மில்லிகிராம், பி.எச். 7-இல் 1.2 மில்லிகிராம் கொல்லும் அம்மோனியாவைத் தரும். பி.எச். 8-இல் 11. பி.எச். 9-இல் 67. பல நன்னீர் மீன்களுக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பக்கம் போனாலே உயிராபத்து. மூன்று நீருமே சட்டப்படி குற்றமற்றவை. குழாய் வாயிலில் இருக்கும் அளவு ஆற்றில் கலந்தவுடன் நீர்த்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் மழையில்லாத மாதத்தில், கணுக்கால் ஆழத்தில் ஓடும் தோட்டத்து ஓடையில் கலந்து நீர்த்துப்போக எவ்வளவு தண்ணீர் இருக்கும்?

ஆலைக்குப் பின்னால் இருக்கும் சுத்திகரிப்புக் குளங்களை நேரில் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். முதல் குளம் கறுப்பாக, மேலே ஏடு கட்டி, கொப்பளித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு குளமாகத் தாண்டிக் கடைசிக் குளத்துக்கு வந்தால் நீர் பச்சையாக இருக்கும். பாசி. பகல் வெயிலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் பி.எச். ஏறும். இரவில் இறங்கும். காலை எட்டு மணிக்கு எடுத்த மாதிரியும் மதியம் மூன்று மணிக்கு எடுத்த மாதிரியும் ஒரே குளத்து நீர்தான். மீனுக்கு அவை இரண்டு வேறு நீர்கள். மாதிரி எடுக்க அதிகாரி எத்தனை மணிக்கு வருகிறார் என்பது அலுவலக நடைமுறை. அந்த நடைமுறை மீனின் சாவு வாழ்வைப் பற்றிய முடிவாகவும் ஆகிவிடுகிறது. பொருளியலும் நச்சியலும் சந்திக்கும் இடத்துக்கு இதைவிடத் தெளிவான முகவரி தேவையில்லை.

ரப்பர் ஆலைகளில் அம்மோனியா இன்னும் நேரடியான விருந்தாளி. பால் ஸ்டோரில் வளர்ந்த தலைமுறைக்கு அந்த நெடி மறக்காது. பால் உறையாமல் இருக்க அம்மோனியா, உறைய வைக்க ஃபார்மிக் அமிலம். அடர்பால் தயாரிக்கும் ஆலையில், கடைந்தபின் மிஞ்சும் மெல்லிய பாலைக் கந்தக அமிலம் ஊற்றி உறைய வைப்பார்கள். அந்தக் கழிவில் சல்பேட்டும் அம்மோனியாவும் ஏராளம். காற்றில்லாத குளத்தில் சல்பேட் அழுகிய முட்டை நாற்றமாக மாறும். பி.ஓ.டி. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நீரை மதிப்பிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ஓடையில் மீன் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எந்த மீன் என்று பார்க்க வேண்டும். விராலும் பனையேறிக் கெண்டையும் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி உயிர் வாழக்கூடியவை. ஆக்சிஜன் செத்த நீரிலும் அவை இருக்கும். தெளிந்த ஓடும் நீரை நம்பி வாழும் சின்னச் சின்னக் கெண்டை இனங்கள்தான் முதலில் காணாமல் போகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் தூண்டில் போட்டுப் பிடித்த மீன்களின் பட்டியல் ஆண்டுக்காண்டு எப்படிச் சுருங்கியது என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் அது எந்த ஆய்வகச் சான்றுக்கும் குறைந்ததாக இருந்திருக்காது.

மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் முகமட் ஷுஹைமி ஒத்மானும் அவருடைய குழுவினரும் செய்த வேலை இங்கே மதிப்புப் பெறுகிறது. செம்பு, காட்மியம், துத்தநாகம், காரீயம், நிக்கல், இரும்பு, அலுமினியம், மாங்கனீசு ஆகிய எட்டு உலோகங்களை இந்த நாட்டு நன்னீர் இறால், ஓடைச் சேற்றில் வாழும் பூச்சியின் புழு, உள்ளூர்ச் சிறு மீன் போன்ற உயிர்கள் மீது அவர்கள் சோதித்தார்கள். நான்கு நாள், 96 மணி நேரம். எந்தச் செறிவில் பாதி உயிர்கள் மடிகின்றன என்று பார்ப்பது. கேட்க எளிமையான வேலைபோலத் தோன்றும். ஆனால் உலகின் பாடநூல்களில் உள்ள எண்கள் பெரும்பாலும் 20 பாகைக் குளிர்ந்த நீரில், டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளையோ குளிர்நாட்டு மீனையோ வைத்துக் கண்டவை. பேராக்கின் கிந்தா ஆற்றின் நீர் அப்படி இல்லை. அதில் வாழ்பவையும் அவை அல்ல. இந்த நாட்டு உயிர்களைக் கொண்டு இந்த நாட்டு எண்ணைக் கண்டுபிடிப்பது தன்மானத்துக்கான வேலை மட்டும் அல்ல. அதில்லாமல் வரம்பு எண் எதற்கும் அடித்தளம் இராது.

இன்று மலேசிய ஆறுகளுக்கு ஆண்டுதோறும் கொடுக்கப்படும் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளில் நிற்கிறது. கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி., சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள், பி.எச். உலோகங்களுக்கும் பூச்சிக்கொல்லிகளுக்கும் தனியே தர எல்லைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் செய்தித்தாளில் ஆறு சுத்தம் என்றோ மாசு என்றோ வரும் தலைப்பை உருவாக்கும் குறியீட்டில் ஓர் உலோகம்கூட இல்லை. நூறாண்டுக்கு மேல் வெள்ளீயம் தோண்டிய கிந்தா பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு இது சாதாரணச் செய்தி ஆகாது.

இரண்டு துறைகளையும் ஒரு தலைக்குள் வைத்து யோசித்தவர்கள் உலகில் இருந்திருக்கிறார்கள். கார்ல் வில்லியம் காப் 1910-இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்த ஜெர்மானியர். நாஜிகள் வந்தபின் நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து, பின்னர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போனவர். இந்தியப் பொருளாதார வளர்ச்சி பற்றியும் நூல் எழுதியவர். 1950-இல் அவர் வெளியிட்ட நூல், தனியார் தொழில் சமுதாயத்தின் மீது தள்ளிவிடும் செலவுகளைத் தலைப்பிலேயே பேசியது. காற்றும் நீரும் கெடுவதற்கு அதில் தனித்தனி அத்தியாயங்கள். கெட்டுப்போன ஆற்றுக்குப் பண மதிப்புப் போடுவதில் காப்புக்கு நம்பிக்கை இல்லை. உயிருக்கும் உடலுக்கும் எந்த அளவைத் தாண்டினால் கேடு என்பதை அறிவியல் சொல்லட்டும், அந்தக் குறைந்தபட்சப் பாதுகாப்பைச் சமுதாயம் தன் சட்டமாக ஏற்கட்டும், அதற்குள் பொருளாதாரம் நடக்கட்டும் என்பது அவர் நிலைப்பாடு. அப்படிப் பார்த்தால், 96 மணி நேரச் சோதனையில் மீன் தரும் எண்தான் பொருளியலின் முதல் எண்ணாகிறது.

ஜப்பானின் ட்சுரு ஷிகெட்டோ காப்பின் எழுத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். நிறுவனப் பொருளியலாளர். 1963-இல் அவரும் மியாமோட்டோ கெனிச்சி முதலியோரும் சேர்ந்து மாசு ஆய்வுக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். பொருளியல், பொறியியல், மருத்துவம், சட்டம் படித்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்த குழு அது. அப்படி உட்கார வேண்டிய தேவையை மினமாட்டா விரிகுடா காட்டுகிறது. 1956 மே மாதம் அங்கே பாதரச நஞ்சால் வந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அங்கிருந்த சிசோ ஆலையின் சொந்த மருத்துவமனையில் மருத்துவராக இருந்த ஹொசோகாவா ஹஜிமே, 1959-இல் ஆலைக் கழிவைக் கலந்த உணவை ஒரு பூனைக்குக் கொடுத்தார். 400-ஆம் எண் பூனை. அக்டோபரில் அது மனிதர்களுக்கு வந்த அதே வலிப்புடன் விழுந்தது. நிர்வாகம் முடிவை வெளியிட விடவில்லை. ஆலை பாதரசத்தைக் கடலில் விடுவது 1968 வரை தொடர்ந்தது. நச்சியல் விடை 1959-லேயே கிடைத்துவிட்டது. அந்த விடை யாருக்குச் சொந்தம், வெளியிட யாருக்கு அதிகாரம் என்ற நிறுவனக் கேள்வி தீராததால் இன்னும் ஒன்பது ஆண்டு மக்கள் அந்த மீனைத் தின்றார்கள். ஆய்வு முடிவைப் பூட்டி வைக்கும் ஒப்பந்தம் எதுவானாலும் அதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பூனையையும் நினைக்க வேண்டும்.

ஜப்பானிய அறிஞர் ஒருவர் பிறகு ஈப்போவுக்கே வந்தார். கதை அனைவருக்கும் தெரிந்ததுதான். இளையோருக்காகச் சுருக்கமாகச் சொல்லலாம். வெள்ளீயம் அலசியபின் மிஞ்சும் அமாங் மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதில் அரிய மண் தனிமங்களும் தோரியம் என்ற கதிரியக்கப் பொருளும் இருக்கின்றன. லகாட் பக்கம் புக்கிட் மேராவில், ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் பங்குகொண்ட ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் வேலையைத் தொடங்கியது. தோரியக் கழிவை எங்கே வைப்பது என்ற கேள்வியில் பாப்பான் என்ற ஊரின் மக்கள் 1984-இல் கிளர்ந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் சைத்தாமா பல்கலைக்கழகத்தின் இச்சிகாவா சாடாவோ வந்து கதிர்வீச்சை அளந்து, பாதுகாப்பான அளவை மீறியிருக்கிறது என்று சொன்னார். 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். சஹாபாட் ஆலாம் மலேசியா அமைப்பின் மீனாட்சி ராமன் அவர்களுக்காக வாதாடினார். நச்சியல் அறிந்த மருத்துவர் ஜெயபாலன் தம்பியப்பா அந்த மக்களின் உடல்நிலையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்.

1992 ஜூலை 11-ஆம் தேதி நீதிபதி பே சுவீ சின் குடியிருப்பாளர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். 1993 டிசம்பர் 23-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆலைக்கும் அதன் ஊழியர்களுக்கும் வரும் கஷ்டத்தைக் கணக்கில் எடுத்தது. மக்கள் தங்கள் புகாரை அணுசக்தி உரிம வாரியத்திடம் கொண்டுபோயிருக்க வேண்டும் என்றும் சொன்னது. மேல்முறையீட்டில் வென்ற ஆலை 1994 ஜனவரியில் தானே மூடிக்கொண்டது. துப்புரவு வேலைக்கு மட்டும் சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் செலவாகியது. கழிவு கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டது. தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு.

இந்த வழக்கை நச்சியலாகப் பார்த்தால் ஒரு சிக்கல் கண்ணில் படும். புக்கிட் மேரா சுமார் 11,000 பேர் வாழ்ந்த இடம். அங்கே பதிவான இரத்தப் புற்று அரிதான நோய். இவ்வளவு சிறிய கூட்டத்தில், அரிதான நோயின் சில கூடுதல் நேர்வுகளை வைத்து ஐயத்துக்கு இடமின்றி எதையும் நிறுவிவிட முடியாது. ஆதாரம் போதாது என்று நீதிமன்றத்தில் சொல்வது எளிது. ஊர் சிறியது என்பதே ஆதாரம் போதாமைக்குக் காரணம் ஆகிவிடுகிறது. இதையே நிறுவனப் பொருளியலாகப் பார்த்தால், நிரூபிக்கும் சுமையை யார் தோளில் வைத்தார்கள் என்பதே கேள்வி. ஆலையே தன் கழிவு தீங்கற்றது என்று நிரூபிக்கட்டும் என்று விதி இருந்திருந்தால், அதே 11,000 பேர், அதே நோய், அதே அளவுகள், வேறொரு தீர்ப்பு. அறிவியல் மாறவில்லை, விதி மட்டும் மாறியிருக்கும். தோரியம் நீரில் எளிதில் கரைவதில்லை, சேற்றோடு ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓடும் நீரை மொண்டு பார்ப்பவருக்கு அது அகப்படாது. அடிச்சேற்றை அள்ளிப் பார்க்க வேண்டும்.

ஆறு யாருடையது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. 1920-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் பேராக்கையும் உள்ளடக்கியது. ஆறுகளின் உடைமையை அது மாநில ஆட்சியாளரிடம் வைத்தது. நிலமும் ஆறும் மாநில அதிகாரம். கழிவுநீருக்கான உரிமம் கூட்டரசின் சுற்றுச்சூழல் இலாகாவிடம். தோட்டம் செம்பனையாக மாறுவதா, வீடமைப்புத் திட்டமாக மாறுவதா என்பதில் ஒரு கை. அதிலிருந்து வரும் நீர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் இன்னொரு கை. ஓடை ஒன்றுதான்.

பேராக்கில் ரப்பர் கதை கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ அங்கே நட்ட கன்றுகளில் ஒன்று, மரமாகி, மாவட்ட அலுவலகத்தருகே இன்னும் நிற்கிறது. அந்தக் கதையில் தோட்டத் துண்டாடலுக்கு ஒரு பெரிய அத்தியாயம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் ஐம்பதுகளில் கூறு போட்டு விற்கப்பட்டன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து 1962-இல் அறிக்கை வெளியிட்டார். நிலத்தை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி சரியாக இருந்தும், லயத்தில் இருந்த தொழிலாளியின் வேலையும் வீடும் பள்ளியும் அந்த விற்பனையில் எப்படிக் கணக்கில் வராமல் போயின என்பதை அது காட்டியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். தொழிலாளர் சேர்ந்து தோட்டத்தை வாங்குவது என்ற அந்த முடிவை நிறுவனப் பொருளியலின் பாடமாகவே கற்பிக்கலாம்.

துண்டாடலில் பேசப்படாத ஓர் இழப்பு ஓடையைச் சார்ந்தது. லயத்துக் குடும்பம் மூன்று தலைமுறை ஒரே ஓடைக்கரையில் இருந்தது. நீர் எப்போது நிறம் மாறியது, எந்த மழைக்குப் பிறகு மீன் செத்தது, எந்த மருந்து அடித்த வாரத்தில் வாத்து விழுந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். குடும்பங்கள் ஈப்போ, கோலாலம்பூர்ப் புறநகர்களுக்குப் போனதும் அந்த நினைவும் போனது. புதிதாக வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த ஓடையின் பழைய முகம் தெரியாது. ஒப்பிட ஆளில்லாத ஆற்றில் எந்தக் கேடும் புதிதாகத் தெரிவதில்லை.

மருந்து என்றதும் பாராகுவாட் என்ற களைக்கொல்லி நினைவுக்கு வரும். செம்பனைத் தோட்டங்களில் முதுகில் தோம்பைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடித்தவர்களில் பெண்கள் ஏராளம். தமிழ்ப் பெண்கள் ஏராளம். ஐரீன் ஃபெர்னாண்டஸ் நிறுவிய தெனாகனித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து 2002-இல் இப்பெண்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. இந்தப் பதினெட்டு ஆண்டு இழுபறியில் யார் எந்த அலுவலகத்தில் எதைச் சொல்லி எதை மாற்றினார்கள் என்பது பொருளியல் ஆய்வுக்குரிய பொருள். நச்சியல் பக்கம் பார்த்தால், மருந்தடிப்போருக்கு வழக்கமாகச் செய்யப்படும் கோலினெஸ்டரேஸ் இரத்தச் சோதனை கரிமப் பாஸ்பரஸ் போன்ற பூச்சிமருந்துகளின் பாதிப்பைத்தான் காட்டும். பாராகுவாட்டை அது காட்டாது. சோதனைத் தாளில் ‘சரியாக இருக்கிறது’ என்று வந்தது. நகம் கழன்ற விரலோடு மருந்தடித்த பெண் மறுநாள் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) வந்தாள்.

பாராகுவாட் களிமண்ணோடு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதனால் நீரில் இல்லை என்பது விற்பனையாளரின் வாதம். மண் மழையில் அடித்துப்போய் ஓடையடியில் படிகிறது என்பது ஓடையின் கணக்கு. தோரியத்துக்குச் சொன்னதையே இதற்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. சேற்றைப் பார்க்க வேண்டும்.

பேராக்கில் படிக்கும் மாணவர் ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொள்ள நினைத்தால் எங்கே தொடங்கலாம்? பழைய ரப்பர்த் தோட்டமாக இருந்து செம்பனைக்கு மாறிய நிலம், அதன் வழியே ஓடும் சிறிய ஓடை, கீழே ஓர் ஆலை. அப்படி ஓர் இடம் கிந்தாவிலும் கோலகங்சாரிலும் கீழ்ப் பேராக்கிலும் தேடினால் கிடைக்கும். ஆலைக்கு மேலும் கீழும் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை நீர் எடுக்க வேண்டும். பி.எச்., வெப்பம், அம்மோனியா மூன்றையும் ஒன்றாகக் குறிக்க வேண்டும். அடிச்சேறு எடுத்து உலோகமும் களைக்கொல்லியும் பார்க்க வேண்டும். அந்தச் சேற்றில் இந்நாட்டு இறாலையும் புழுவையும் வைத்து 96 மணி நேரம் கவனிக்க வேண்டும். அதோடு வேலை பாதிதான் முடிந்தது. அந்த ஆலையின் உரிம நிபந்தனைகள், கட்டிய கட்டணம், சோதனை நடந்த தேதியும் நேரமும், குலை விற்ற சிறு பயிரிடுவோரின் ரசீது, நிலம் கைமாறிய பத்திரம் ஆகியவற்றை அதே ஆய்வேட்டின் அடுத்த அத்தியாயத்தில் வைக்க வேண்டும். இரண்டு மேற்பார்வையாளர் தேவைப்படுவார்கள், இரண்டு புலங்களிலிருந்து. எந்தப் புலம் பட்டம் தருவது என்ற சண்டை வரும். வந்தால் வரட்டும்.

மூன்றாவதாக ஓர் ஆவணக் கட்டு வேண்டும். அந்தத் தோட்டத்தில் பிறந்து, இப்போது ஈப்போவின் புந்தோங்கிலோ மெங்லெம்புவிலோ பேரப்பிள்ளைகளோடு இருக்கும் அறுபது, எழுபது வயதுக்காரர்களிடம் போய், அந்த ஓடையில் என்னென்ன மீன் பிடித்தீர்கள், எந்த ஆண்டுவரை பிடித்தீர்கள், நீரைக் குடித்தீர்களா, எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்த கட்டு. பெயரையும் ஆண்டையும் மீனையும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இந்த அரங்கில் இருப்பவர்களிலேயே பலர் அந்தச் சாட்சிகள். உரை முடிந்தபின் வெளியே வைத்திருக்கும் மேசையில் உங்கள் தோட்டத்தின் பெயரையும் ஓடையின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.